அண்ணி போட்ட காலை அட்டவணை

என் அண்ணி பேருந்து டெப்போவில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பென்சிலிலிருந்துதான் வரும். வேலையில் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் காட்டும்போதுதான் எங்களுக்கு மூச்சு முட்டும்.

அவர் மகளுக்கு ஐந்து வயது. வாய் ஓயாமல் பேசியதால் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம் ரேடியோ நின்றுபோனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள், சத்தம் போடக் கூடாது என்று நாள் முழுக்க வாயில் விரல். முதலில் பள்ளியில் பேசுவதை நிறுத்தினாள். அப்புறம் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டில், வெளியாள் யாரிடமும். சீருடையைப் பார்த்தாலே வாந்தி. ஒரு வருடம் வீட்டிலேயே வைத்து, காலையில் மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள் என்றார் டாக்டர். அண்ணி மதிய ஷிப்டுக்கு மாறினார். கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். இன்னும் இரண்டு வாரத்தில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் குழந்தை மறுபடி பள்ளிக்குத்தான் என்று பதில் வந்தது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடும் என் அண்ணனும் அதையேதான் சொன்னான்.

அன்றே அண்ணி அட்டவணை போட உட்கார்ந்தார். பச்சைக் கோடு, நீலக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது. ஏழு மணி: கோபப்படாமல் எழுப்புதல். ஏழு ஐந்து: கொஞ்சல். ஏழு பத்து: பல் தேய்த்தல். ஏழு முப்பது: படம் வரைதல். எட்டு பத்து: கழிப்பறை.

"அஞ்சு நிமிஷத்துல கொஞ்சி முடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க அண்ணி? மிச்சத்தை நாளைக்குத் தள்ளிடுவீங்களா?" என்றேன்.

"சிரிக்காத. அந்தம்மா வந்து பாக்கறப்போ எல்லாம் ஒழுங்கா இருக்கணும். இல்லைன்னா திரும்பவும் அந்த ரூம்லதான் போய் உக்காரணும் என் பொண்ணு."

டெப்போவில் ஒரு சட்டம் உண்டு. வண்டி தாமதமாக வருவது தப்பு. நேரத்துக்கு முன்னால் கிளம்புவது அதைவிடப் பெரிய தப்பு, ஏனென்றால் ஓடி வருகிற பயணி நடுத்தெருவில் நிற்பார். அதனால் சீக்கிரம் வந்த வண்டி நின்று, நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். அண்ணி தன்னையறியாமல் அதை மகளுக்கும் வைத்துவிட்டார். ஏழு ஐம்பது வரை வரையவேண்டிய படத்தை ஏழு நாற்பத்திரண்டுக்கே முடித்துவிட்டால், மிச்சம் எட்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். குழந்தை அப்படியே இருந்தாள். சிணுங்கக்கூட இல்லை. அண்ணிக்கு அதில் பெருமை.

எட்டாம் நாள் காலை நான் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பிக் கேட்டாள். "அத்தை, இப்ப பேசலாமா?"

சீப்பை அப்படியே வைத்துவிட்டு நேரே அண்ணியிடம் போனேன். "என்ன கேக்கறா தெரியுமா? நம்மகிட்டதான் பேசிட்டிருந்தா. அதுவும் போச்சு. நீங்க வளக்கறது பொண்ணா, பஸ்ஸா?"

"உனக்கென்ன, பேசிட்டுப் போயிடுவ. திங்கக்கிழமை பதில் சொல்லப்போறது நானு," என்று அண்ணி கத்தினார். அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது. எட்டு நாலுக்குக் குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு கடிகாரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி?" என்றார் அண்ணி.

"பெரிய முள் இன்னும் ரெண்டுக்கு வரலம்மா."

சொல்லி முடிப்பதற்குள் தரை நனைந்துவிட்டது. அவள் அழவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிதான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். திட்டலாம் என்று வந்த நான் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஒரு தடத்தில் எந்த அட்டவணை போட்டாலும் சொதப்பினால் அண்ணி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த வண்டியிலேயே ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், எது எப்போது நடக்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை அதைத்தான் வீட்டில் செய்தார். சமையலறை மூலையில் முக்காலி, மடியில் நோட்டு. எழுப்பவில்லை.

குழந்தை ஏழு முப்பத்தைந்துக்குத் தானாக எழுந்து வந்து, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று எங்கள் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை. வாசல் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். நான் வாயைத் திறக்கப்போனேன், அண்ணி கையைக் காட்டி அடக்கினார்.

அப்புறம் அவள் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். பஸ் விளையாட்டு; ஒவ்வொரு செருப்பும் ஒரு பயணி. "தள்ளி உக்காருங்க, எட்டு பேரு ஆச்சு, இன்னும் ஒருத்தருக்கு எடம் வேணும்," என்று அப்பாவின் பழைய செருப்பை அதட்டினாள். அரை மணி நேரம் ஓயாத பேச்சு. எட்டரைக்குப் பசி என்றாள். சாப்பிட்டதும் சிலேட்டைத் தானே கொண்டுவந்து, பஸ்ஸில் ஏறிய ஒன்பது பேருக்கும் ஒன்பது கோடு போட்டுக் காட்டினாள். சனி, ஞாயிறும் ஏறக்குறைய அப்படியே. புதுத் தாளில் அண்ணி எதற்குப் பின் எது என்று மட்டும் எழுதினார், நேரம் கிடையாது. முதல் வரி: எழுந்ததும் அரை மணி நேரம் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை அதிகாரியம்மா எட்டு இருபதுக்கே வந்து நின்றார். செருப்புகளோடு பேசிக்கொண்டிருந்த குழந்தை கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டைம் டேபிள் போடறதுதானே உங்க வேலை? இதுல டைமே இல்லையே?"

பழைய அட்டவணை மேசை இழுப்பறைக்குள் இருந்தது, பச்சையும் நீலமுமாக, யாருக்கும் பிடிக்கிற மாதிரி. அண்ணியின் பார்வை அங்கே போனதை நான் பார்த்தேன். கை போகவில்லை.

"போட்டேன் மேடம். தப்பாப் போட்டேன்," என்றார். எட்டு நிமிடம் கை கட்டி உட்கார வைத்ததையும், தரை நனைந்ததையும்கூட ஒன்று விடாமல் சொன்னார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று எனக்குப் பதறியது. அதிகாரியம்மா முகத்தில் எதுவும் காட்டாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உனக்கு யாரும்மா பாடம் சொல்லித் தர்றாங்க?"

பதில் இல்லை. பதிலை எடுத்துக்கொடுக்க என் நாக்குத் துடித்தது. ஒரு நிமிடத் தாமதத்துக்கு ஓட்டுநர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிற அண்ணி அசையாமல் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனை நிமிடம் போனதென்று எனக்கும் தெரியாது.

"அம்மா," என்றாள் குழந்தை.

அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா அம்மாவுக்கு இன்னும் சரியா வரல. நாந்தான் மெதுவா சொல்லித் தரணும்."

ஐந்து மாதத்தில் வெளியாள் ஒருவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு, அம்மாவின் மேல் புகார். அதிகாரியம்மா ஒரு வருடத்துக்கு அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி மகளைப் பார்த்து, சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.