எட்டில் ஒன்று

கணக்குக்கும் எனக்கும் ஆகாது. சாதாரண தரப் பரீட்சையில் அதைத் தவிர மற்றதெல்லாம் பாஸ். அப்படிப்பட்டவள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து, புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் மகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன் என்றால் சிரிப்பீர்கள். அவள் பாஸானால் பண்டாரவளையில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கலாம். அந்த ஆசைதான்.

நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் பட்டென்று "எட்டுல ஒண்ணு" என்பாள்.

"எட்டுதானேம்மா பெருசு?"

அவள் மேல் குற்றமில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து நான் தினமும் வீட்டில் பேசுவது என்ன? கிலோ கூடினால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரைநாள் வேலையாகத்தான் எழுதுவார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. ரொட்டியைப் பிய்த்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே ரொட்டியைத் தின்றாள். மறுநாளும் எட்டில் ஒன்றுதான் பெரிது. எனக்கு வந்த கோபத்துக்கு, தலையில் குட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தது. அதுவரை தம்பி என் மாமனாரோடு வாசல் பக்கத்துத் திண்ணையில், இஸ்தோப்பில் படுத்துக்கொள்வார். உள்ளே இருக்கிற ஒரே அறையான காம்பராவில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளும். புதுப்பெண்ணை வாசலில் படுக்க வைக்க முடியுமா? பின்பக்கம் ஓர் அறை கட்டிக்கொள்ளத் தோட்டத்து ஆபீசில் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். நடையாய் நடந்தும் அதே பதில்தான்.

கடைசியில் காம்பராவின் நடுவே பலகை அடித்தோம். ஜன்னல் அவர்கள் பக்கம் போய்விட்டது. மகள் ஜன்னலடியில்தான் படிப்பாள். புதிதாக வந்தவளுக்கு இருட்டுப் பக்கத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மகளின் புத்தகங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் அரிசி வாளியின் மூடி மேல் அடுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது, மகள் தரையில் சுண்ணக்கட்டியால் காம்பராவை வரைந்துகொண்டிருந்தாள். நடுவே ஒரு கோடு. எங்கள் பாதியில் நாலு கட்டம்.

"முன்ன ஆளுக்கு நாலுல ஒண்ணு இருந்துச்சும்மா. இப்ப எட்டுல ஒண்ணு. எட்டுல ஒண்ணுதான் சின்னது."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால், எங்கள் பாதியை அழித்துவிட்டு மூன்றே கட்டமாகப் போட்டிருந்தாள்.

"நான் பாஸ் பண்ணி ஹொஸ்டலுக்குப் போயிட்டா ஒங்களுக்கு ஆளுக்கு ஆறுல ஒண்ணு வரும்மா. அது கொஞ்சம் பெருசுதானே?"

எங்கேயாவது பிழை இருக்காதா என்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.