வேலிக்கு வெளியே நின்றவருக்கு ஒரு ஓட்டு

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு முறை பெட்டி வந்தது. முதல் பெட்டி என் அப்பாவைக் கொண்டுபோனது. இரண்டாவது பெட்டி அவரைத் திருப்பிக் கொண்டுவரும் என்று சொன்னார்கள். சொன்னவர்களை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எண்பது வயதாகப் போகிறது, இந்த வயதில் கோபம் உடம்புக்கு ஆகாது என்கிறார் டாக்டர். அவர் எங்கள் லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, அசாம் ஜாவா போகும் சாலைக்கு அப்பால் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். அப்போது அவசரகாலம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களை வேலி வாசலில் நிறுத்தி, வாளிக்குள்ளும் கொண்டைக்குள்ளும் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடையில் பால் டின் வாங்கினால் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள். சாயங்காலம் பூட்டிய கதவை மறுநாள் வேலைக்குத்தான் திறப்பார்கள். காட்டுக்காரர்கள் வெளியே இஷ்டம்போல் திரிந்தார்கள், நாங்கள் உள்ளே பூட்டிக் கிடந்தோம். இதற்குப் பெயர் எங்களைப் பாதுகாப்பது.

முதல் பெட்டி வந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு நாள் முழுக்க யாரையும் வெளியே விடாமல், வீட்டுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். காட்டுக்காரர்களுக்கு யார் உதவுகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும், எழுதுகிறவர் தன் பெயரைப் போட வேண்டாம். மறுநாள் பட்டாளத்துக்காரர்கள் பூட்டிய பெட்டியோடு வீடு வீடாக வந்தார்கள். எழுத ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்காகிதத்தைப் போட்டாலும் சரிதான். எங்கள் அம்மா வெறுங்காகிதத்தை நாலாக மடித்துப் போட்டாள். போட்ட பிறகு, யாருக்கும் கெடுதல் செய்யாத நிம்மதியில் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

பத்து நாள் கழித்து அப்பாவைப் பிடித்துப்போனார்கள். காட்டுக்காரர்களுக்கு உதவி செய்தாராம். அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது என்று இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலில் போய் நின்றார். கூரைக்கு வந்த தகரம் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். துரை தன் நாயைத் தடவிக்கொண்டே கேட்டாராம். காகிதத்தில் அப்பா பெயரை எழுதியது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். வழக்கு கிடையாது, வக்கீல் கிடையாது, முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு வருடத்தில் நாங்கள் அவரை மூன்று முறை பார்த்தோம், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று.

அப்புறம்தான் இரண்டாவது பெட்டி. நாட்டில் முதல்முறையாகப் பொதுத்தேர்தல் வந்தது. வெள்ளைக்காரன் பார்த்து வைத்த ஆளுக்குப் பதிலாக இனி சனங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எங்கள் லயத்தில் இருந்த இருநூறு பேரில் ஓட்டு இருந்தது ஏழே பேருக்கு. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த அப்பாவுக்கு இல்லை, அத்தைக்கு இல்லை, பள்ளிக்கூட வாத்தியாருக்குக்கூட இல்லை. அம்மாவும் அவளைப் பெற்றவளும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்பதால், கைநாட்டு வைக்கிற என் அம்மாவுக்கு இருந்தது. வாத்தியார் கொஞ்ச நாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவருக்குச் சின்னம் ஏணி, இன்னொருவருக்கு விளக்கு. ஏணிக்காரர் காரில் வந்தார். துரை நாற்காலி போட்டு உட்காரவைத்து மாலை போடச் சொன்னார், எங்களுக்கு ஆளுக்கு இரண்டு மிட்டாய் கிடைத்தது. விளக்குக்காரர் சைக்கிளில் வந்தார். கூட்டம் கூட்டினால் பாதுகாப்புக்கு ஆகாதென்று வேலி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மனிதர் போகவில்லை. முள்வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கைகளை ஆட்டிப் பேசினார். பக்கத்தில் ரப்பர் பால் கொட்டகை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதை மட்டும் அரைமணி நேரம் பார்த்தோம். பிள்ளைகள் நாங்கள் அவரைப்போலவே வாயை ஆட்டி விளையாடினோம்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசல்படியில் பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கையான என் அத்தையும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

“இந்தாம்மா, புதங்கிழமை லோரி வரும். போயி ஏணிக்குப் போடு,” என்றார். “ஏணி ஜெயிச்சா தொரை பெரிய எடத்துல பேசி ஒரு கடுதாசி வாங்கித் தர்றேன்னிருக்காரு. அடுத்த மாசம் ஒன் வீட்டுக்காரரு வீட்டுல இருப்பாரு. மாத்திப் போட்டா தெரிஞ்சிரும்லா. காயிதத்துல நம்பர் இருக்கு.”

அத்தை ஓவென்று அழுது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.  அம்மா மட்டும் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“நெசமா வருவாராண்ணே?”

“நெசமாத்தாம்மா. நான் எதுக்குப் பொய் சொல்றேன்?”

“அதானே. நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க.” அம்மா கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். “ஏண்ணே, நம்மள ஆளுறது தொரைதானே? தொரைய மாத்துறதுக்குப் பெட்டி எப்ப வரும்?”

மண்டோர் வாய்விட்டுச் சிரித்தார். “தொரைக்கு எதுக்குலா பெட்டி?” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் படியில் நின்றே எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை வாங்கித் தின்றேன். அந்த மிட்டாயை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று அடுப்படியில் அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. அதன் சட்டத்தில், ஒரு மாதத்துக்கு முன்னால் மண்டோர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இங்கிலீஷ் காகிதம் ஒன்று செருகியிருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவந்த அம்மா, ரேஷன் காகிதம் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள்.

“அண்ணி, என்னா யோசன பண்ணுறீங்க? கண்ண மூடிக்கிட்டு ஏணிக்குப் போட்டுட்டு வாங்க. யாரு ஆண்டா நமக்கென்னா?”

“அததான் நானும் யோசிக்கிறேன்,” என்றாள் அம்மா. “ஜப்பான்காரன் ஆண்டான். வேல குடுக்குறேன்னு சொல்லி எங்கண்ணன லோரியில ஏத்தி சயாமுக்கு ரயிலுபாத போடக் கொண்டு போனான், எலும்புகூட வரல. அவன் போனதும் காட்டுக்காரன் ரெண்டு வாரம் ஆண்டான். எல்லாருஞ் சமம்னான். ஜப்பான்காரனுக்குச் சமச்சுப் போட்டாருன்னு கடைசி வீட்டுத் தாத்தாவக் கைய கட்டி இழுத்துட்டுப் போனான். அப்பறம் வெள்ளக்காரன் வந்தான். சட்டம் இருக்குன்னான். பெட்டியக் கொண்டாந்து ஒங்கண்ணன எடுத்துட்டுப் போனான். ஒருத்தன் ஆச பேசி எடுத்தான், ஒருத்தன் கைய கட்டி எடுத்தான், ஒருத்தன் எழுதி எடுத்தான். எடுக்கத்தான் எல்லாவனுக்கும் தெரியுது புள்ள. கேட்டுட்டு எடுத்தவன் ஒருத்தனும் இல்ல.”

“இப்பத்தான் கேக்குறாங்கள்ல?”

“இப்பத்தான் கேக்குறாங்க,” என்றாள் அம்மா. “அதான், சொல்றத ஒழுங்காச் சொல்லணும்னு பாக்குறேன்.”

பிற்காலத்தில் முடியாட்சி, குடியாட்சி, பொதுவுடைமை என்று பள்ளியில் பத்தி பத்தியாகப் படித்தேன், பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அரிசி களைந்த நேரத்துக்குள் அம்மா சொல்லி முடித்ததற்கு மேல் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று அது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. “அம்மா, ஏணிக்குப் போடும்மா” என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.  அவள் சோற்றை வடித்து எனக்குத் தட்டில் போட்டாள்.

புதன்கிழமை லோரியில் ஏழு பேர், அடம்பிடித்து ஏறிய நான், முன்னால் டிரைவர் பக்கத்தில் மண்டோர். அசாம் ஜாவாவில் ஒரு மலாய்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். வரிசையில் நிற்கும்போதும் “ஏணிம்மா, ஏணி” என்று முணுமுணுத்தேன். உள்ளே மேசைமேல் பூட்டிய பெட்டி. அதைப் பார்த்ததும் அம்மாவின் கை என் கையை நெரித்தது. கூட வந்த ஒரு பெண் பயந்துபோய், முதல் பெட்டிக்குச் செய்ததுபோலவே வெறுங்காகிதத்தை மடித்துப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்கும் கெடுதல் வராமல் போட்டுவிட்டேன் என்று பெருமையாக வேறு சொன்னாள். இன்னும் மூன்று பேர் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பெட்டி என்றால் ஆளைப் பிடிக்கத்தான் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், தோட்டத்துக்காரர்களுக்கு ஓட்டுப் போடத் தெரியவில்லை என்று பிறகு சிரித்தார்கள்.

அம்மா தடுப்புக்குப் பின்னால் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. பென்சில் பிடித்துப் பழகாத கை.

லோரி எங்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. வேலி வாசலில் இறங்கியதும் மண்டோர் சிரித்துக்கொண்டே வந்தார். “என்னாம்மா, ஏணிதானே?”

எதற்குப் போட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இல்லண்ணே. வெளக்கு,” என்றாள்.

வாசலில் காத்திருந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, அந்த ஆளு என்னா பேசுனான்னாச்சும் தெரியுமா ஒனக்கு?”

“தெரியாது. கேக்கல. அவர உள்ள விடல, அவரும் போகல. எனக்கு அது போதும்.”

நான் அம்மாவை அடித்தேன். இரண்டு கையாலும், இடுப்பிலும் வயிற்றிலும் மாறி மாறி அடித்தேன். நீதான் அப்பாவைக் கொன்றாய் என்று கத்தினேன். அவள் கல்யாணப் புடவை தோளிலிருந்து சரிந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொண்டாளே தவிர என் கையைப் பிடிக்கவில்லை. மண்டோர் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏணிதான் ஜெயித்தது. இரண்டு வாரத்தில், பிறந்ததைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊருக்கு அப்பாவைக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சேலத்துப் பக்கமிருந்து இரண்டு கடிதம் போட்டார். மூன்றாவது கடிதத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள், காய்ச்சலில் போய்விட்டாரென்று. நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டால் தின்பேன், கூப்பிட்டால் வருவேன், வாயைத் திறக்கமாட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு வருடம். அந்தப் பிடிவாதத்துக்கு இன்று என்னை நானே அறையலாம்.

பதினாலு வயதில் கோலசிலாங்கூர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது முருகன் படத்தைக் கழற்றினேன். சட்டத்தில் செருகிய ரேஷன் காகிதம் கீழே விழுந்தது. இப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியும். அப்பாவின் பெயரைப் போட்டு, இவரை நாடு கடத்த உத்தரவாகியிருக்கிறது, மேல்முறையீடு கிடையாது. தேதியைப் பார்த்தேன். லோரி வந்த புதன்கிழமைக்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் மண்டோர். நெசமா வருவாராண்ணே என்று அம்மா கேட்டபோது, என்ன பதில் வருமென்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள். அதில் இருந்தது அம்மாவுக்குத் தெரியாதென்று நினைத்து, அடுத்த மாதம் வருவார் என்று சொல்லிவிட்டு எனக்கு மிட்டாய் கொடுத்தார் அவர்.

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு அம்மாவிடம் நான் பேசிய முதல் பேச்சு, “ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்பதுதான்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. “சொன்னா மண்டோர் மேல கோவப்பட்டிருப்பே. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டே, நீ ஒங்கப்பா மாதிரி. ஒம்பேரையும் எழுதிப் பெட்டியில போட்டிருப்பான். எம்மேல கோவப்பட்டா ஒன்ன யாரு புடிச்சிட்டுப் போவா?”