தராசுக்காரியின் ஏரியல்

கடைத்தெருவில் எல்லோரும் அவளைத் தராசுக்காரி என்றுதான் சொல்வார்கள். கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரிபார்த்து முத்திரை ஒட்டுவது அவள் வேலை. பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியோடு அவள் உள்ளே நுழைந்தாலே கறிக்கடைக்காரரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். கல்லை வைப்பதற்கு முன் அவள் காலித் தட்டைப் பார்ப்பாள். அது பூஜ்யம் காட்டவில்லை என்றால், அதற்கு மேல் அந்த மெஷின் சொல்லும் எந்த எண்ணையும் காதில் வாங்க மாட்டாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

வேலை விட்டு வந்தால் அவளுக்கு ஹாம் ரேடியோ, வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர்க்காரர்களோடு மைக்கில் பேசுகிற பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, செம்புக் குழாயை வளைத்துத் தானே ஒரு ஏரியல் செய்து மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தாள். அதிலிருந்து கேபிள் வெளிச்சுவரை ஒட்டியே இறங்கி இரண்டாம் மாடியில் அவள் வீட்டு ஜன்னலுக்கு வரும். அவள் நச்சரிப்புத் தாங்காமல் கணவரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவிட்டார். ஆனால் மைக்கைப் பிடித்தால் அவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதைத் தவிர வேறு பேச்சு வராது.

அந்த ஏரியலைத்தான் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக் கூட்டத்தில் இறக்கச் சொல்லப் போகிறார்கள். நோட்டீஸ் ஒட்டியது குடியிருப்போர் சங்கச் செயலாளர். செயலாளர் வேறு யாருமில்லை, மூன்றாம் மாடியில் இருக்கும் அவளுடைய சொந்த அண்ணி.

நோட்டீஸில் இரண்டு புகார்கள். இவள் ரேடியோவில் பேசினால் இண்டர்காம் தானாக மணியடிக்கிறது. அண்ணனின் காது மெஷின் அடைத்துக்கொள்கிறது. படித்ததும் தராசுக்காரிக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. அண்ணன் ஒரு நாளும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் ரேடியோ எவ்வளவு சுத்தம் என்பது அவளுக்குத் தெரியும். மேஜை மேல் இருக்கும் மீட்டர், ஏரியலுக்குப் போன சக்தியில் திரும்பி வருவது எவ்வளவு என்று காட்டும். அதில் ஒன்று புள்ளி ஒன்று. வெறும் ஒன்று என்றால் எதுவுமே திரும்பி வரவில்லை என்று அர்த்தம்; இதைவிட நல்ல எண் கிடைப்பது அபூர்வம். அதைப் படம் பிடித்து நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். அதன் மேல் யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணி, டிவி கேபிள்காரரை வரவழைத்துவிட்டாள். கையடக்கமான சிக்னல் மீட்டர், அதில் முப்பதடிக் கேபிள், கேபிள் முனையில் ஒரு சின்னக் கம்பி. மூன்றாம் மாடிப் படியில் மீட்டரை வைத்துவிட்டு, கம்பியை அண்ணி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கீழே தராசுக்காரியின் கணவர் மைக்கில் எண்ணத் தொடங்கினார். சிக்னலின் பலம் எழுபத்தெட்டு டெசிபெல் என்று மீட்டர் காட்டியது. அண்ணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"பாத்தியா? நான் பொய் சொன்னாலும் மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லும் அண்ணி. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

தராசுக்காரி கம்பியைக் கழற்றச் சொன்னாள். கேபிள் முனையில் ஒரு மூடியைத் திருகச் சொன்னாள். கேபிள்காரர் பையில் அந்த மூடி எப்போதும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் கேபிளின் வாய் வழியாக எதுவும் உள்ளே போகாது. காலித் தட்டு மாதிரி. மறுபடி கணவர் எண்ணினார். மீட்டர் எழுபத்தாறு காட்டியது. கம்பியே இல்லாமல் எழுபத்தாறு.

"அப்போ இவ்வளவு நேரம் எதை அளந்தீங்க?" என்று கேட்டாள்.

கேபிள்காரர் காதைச் சொறிந்துகொண்டார். படியில் நீண்டு கிடந்த கேபிளின் வெளித்தோலே சிக்னலை வாங்கிக்கொண்டிருக்கிறது. முனையில் கம்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த எண்ணைச் சாக்கடையில்தான் போட வேண்டும் என்று தராசுக்காரி படிக்கட்டு அதிரச் சொன்னாள். நாலாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அண்ணி நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், ஏரியல் நிற்கும். ஆனால் கோபம் வந்தால் அவளுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. அண்ணி மூக்கை முழுசாக உடைக்க வேண்டும். கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியை நேராக மீட்டரிலேயே பொருத்தி, "வாங்க, எப்படி அளக்கணும்னு காட்டறேன்" என்று அண்ணி வீட்டுக்குள் நடந்தாள்.

கீழே கணவர் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐம்பத்திரண்டு. சமையலறையில் நாற்பத்தொன்பது. அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள், தலை சற்று நிமிர்ந்தே இருந்தது. பிறகு படுக்கையறை. கட்டில் ஓரம் போகப் போக எண் ஏறியது. அறுபது. எழுபது. ஜன்னல் பக்கத்துச் சுவரருகே எண்பத்தொன்று. அந்தச் சுவருக்கு வெளியேதான் அவள் கேபிள் இறங்குகிறது.

அவள் மொட்டை மாடிக்கு ஓடினாள். ஏரியலுக்கு ஐந்தடி தள்ளி நின்று பார்த்தாள். அங்கேகூட எண்பத்து மூன்றுதான்.

விஷயம் புரிவதற்கு அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அதுதான் வலித்தது. கேபிள் என்பது சிக்னலை ஏரியல் வரைக்கும் கொண்டுபோய் விடும் குழாய். ஏரியலும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு தடுப்புச் சுருள் போடாவிட்டால், ஒரு பங்கு மின்சாரம் கேபிளின் வெளிப்பின்னலைப் பிடித்துக்கொண்டு சுவர் வழியே இறங்கிவிடும். அப்புறம் கேபிளும் ஒரு ஏரியல்தான். மேஜை மீட்டர் உள்ளே போவதையும் திரும்பி வருவதையும்தான் பார்க்கும். தோல் மேல் ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது. ஒன்று புள்ளி ஒன்று என்று அது சொன்னது பொய் இல்லை. அதனிடம் அவள் கேட்ட கேள்விதான் தப்பு. சற்று முன் கேபிள்காரரைத் திட்டினாளே, அதே தவற்றை ஒரு வருஷமாக அண்ணன் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறாள்.

கீழே இறங்கியபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காது மெஷின் உள்ளங்கையில் இருந்தது.

"எத்தனை நாளா இப்படிக் கழட்டி வச்சிக்கறே?" என்று அவள் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு மறுபடியும் கேட்டாள்.

"நீ ஏரியல் வச்ச நாள்லேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை? ஒரு மாடி இறங்கினா என் வீடு!"

"சொன்னா என்ன பண்ணுவே? மீட்டரைக் காட்டுவே."

அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அண்ணன் மேல் கோபம், பொண்டாட்டியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டதற்கு. அண்ணி மேல் கோபம், நேரில் பேசாமல் நோட்டீஸ் ஒட்டியதற்கு. தன் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பதினொரு மணிக்குக் கூட்டம். கேபிள்காரர் தப்பித்தால் போதும் என்று போய்விட்டார். எண்பத்தொன்று என்றால் என்ன என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணியின் நோட்டில் செல்லாத எழுபத்தெட்டு மட்டுமே இருந்தது. தராசுக்காரி எழுந்து, புகார் சரி, தப்பு தன் கேபிளில், என்று சொன்னாள். எல்லோரையும் திட்டுகிற தொனியிலேயே சொன்னதால், அவள் ஒப்புக்கொள்கிறாளா சண்டை போடுகிறாளா என்று நாலாம் மாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

கேபிளைச் சுவரிலிருந்து விலக்கி, மேலே ஏரியலருகே ஐந்து சுற்றுத் தடுப்புச் சுருள் போடுவதாகச் சொன்னாள். இரண்டு வாரம் வேண்டும். சரியாகாவிட்டால் தானே இறக்கிவிடுவாள்.

"சரியாச்சா இல்லையான்னு யார் அளக்கறது?" என்றாள் அண்ணி.

"நான்தான்."

"அதெல்லாம் வேண்டாம். நான் அளப்பேன். எங்க வீட்டுச் சுவர், கேபிள்காரர் மீட்டரை வாங்கி நானே அளப்பேன். எப்படின்னு மட்டும் காட்டு."

தராசுக்காரிக்குச் சுருக்கென்றது. தன் கடையைத் தானே சோதித்துக்கொள்ள அவள் எந்தக் கடைக்காரரையும் விட்டதில்லை. "சரி அண்ணி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா முதல்ல மூடியைப் போட்டுப் பாக்கணும். அதை விட்டுட்டு வேற எந்த எண்ணைச் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீ ஒத்துக்கிட்டதே இன்னிக்குத்தானே முதல் தடவை," என்றாள் அண்ணி, நோட்டை மூடாமலேயே.