கிட்டார் அண்ணன் கட்சிக்காரர்

என் மாமாவை எங்கள் தெருவில் 'வெடி' என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடை வைத்திருப்பவருக்குப் பொருத்தமான பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். டயருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மாமா வாயைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். வழி கேட்டு நிற்கிறவரிடம்கூட, அவர் என்னவோ வழியைத் திருட வந்தது போலத்தான் பதில் சொல்வார்.

ஏன் அப்படிக் கத்துகிறார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். நிதானமாகப் பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார். கோபம் வந்தால் மட்டும் திக்காது. அதனால் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் கோபப்படப் பழகிக்கொண்டார். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்காகவே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது அம்மா சிரிப்பாள். சிரித்ததற்காக உடனே தன்மேலேயே கோபப்படுவாள்.

கடையை மாமாவும் என் அப்பாவும் சேர்ந்து நடத்துகிறார்கள். பெட்ரோல் பங்குக்கு எதிரே, ஒரே ஒரு ஷட்டர் வைத்த கடை. வாசலில் காற்றடிக்கும் கம்ப்ரஸர். பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய தகரத் தொட்டி. அலமாரியில் கிரீஸ் படிந்த ஒரு ரேடியோ. மாமா சக்கரத்தைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். அப்பா ஒட்டுப் போட்டுத் திரும்ப மாட்டுவார். குமிழிக்காகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மாமாவிடம் கோபம் இருக்காது. எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பார். அது எப்போதும் கிட்டார் அண்ணன் பாட்டாகத்தான் இருக்கும்.

சண்டை அங்கேதான் ஆரம்பம். தொண்ணூறுகளின் பாட்டு யாருடையது என்பதுதான் அந்தக் கடையின் நிரந்தர வழக்கு. அப்பா மாஸ்டர் கட்சி. மாஸ்டர் என்பவர் சினிமாப் படங்களுக்கு இசையமைத்தவர். நாற்பது வயலின் இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்று மாமா சொல்வார். கிட்டார் அண்ணன் சினிமாப் பக்கமே போகாதவர். ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு மூன்றே மூன்று கேசட் போட்டுவிட்டுப் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

"பஸ்ல ஏறினா மாஸ்டர், கல்யாணத்துக்குப் போனா மாஸ்டர், டீக்கடையில மாஸ்டர். உங்க ஆளு எங்க மச்சான் இருந்தாரு? உங்க டேப்ரிக்கார்டர்ல மட்டும்தான் இருந்தாரு" என்பார் அப்பா.

"போஸ்டர் ஒட்டின சுவரெல்லாம் போஸ்டர்காரன் சொத்தா மாப்ள? உங்க மாஸ்டர் கல்யாண பேண்டுக்கு மேல என்ன? சத்தம் போட்டா சாப்பாடு ருசிக்குமா?"

"நீங்க சத்தத்தைப் பத்திப் பேசறீங்க பாருங்க."

பெட்ரோல் பங்கில் நிற்பவர்கள் வரைக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்தும் ஓயாது. அம்மா இரண்டு தட்டையும் டொக்கென்று வைத்துவிட்டுச் சொல்வாள்: "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்தாலும் அந்த மாஸ்டரும் எட்டிப் பார்க்கப் போறதில்ல, கிட்டாரும் எட்டிப் பார்க்கப் போறதில்ல. சாப்பிடுங்க." நீ எந்தக் கட்சி என்று கேட்டால், "நான் பாத்திரம் கழுவற கட்சி" என்பாள்.

ஒரு நாள் எங்கள் ஊர் எஃப்.எம். வானொலியின் தொகுப்பாளர் தன் காருக்குக் காற்றடிக்க வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். இவர்கள் சண்டையைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தொண்ணூறுகளைப் பற்றி அவர் ஒரு தொடர் நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தாராம். "சார், உங்க கருத்தை நாங்க பதிவு பண்ணலாமா?" என்று மாமாவிடம் கேட்டார்.

உங்கள் கருத்து என்று மாமாவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இ... இந்தத் தடவை நான் க... கத்த மாட்டேன். நிதானமா சொல்லப் போறேன். எவ்வளவு நே... நேரம் ஆனாலும் சரி."

அதன் பிறகு குளியலறைக் கதவுக்குப் பின்னால் தினமும் அவர் சொல்லிப் பார்ப்பது கேட்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பார். தொட்டி நிரம்பி வழிந்தாலும் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதிவன்று ஷட்டரைப் பாதி இறக்கி, கம்ப்ரஸரை நிறுத்தி வைத்தார்கள். நானும் அம்மாவும் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தோம். தொகுப்பாளர் முதலில், "சும்மா எப்பவும் போலப் பேசுங்க" என்றார். இருவரும் எப்போதும் போலவே கத்தினார்கள். கல்யாண பேண்டு வந்தது, போஸ்டர் வந்தது, எல்லாம் வந்தது. பிறகு மாமா கையைத் தூக்கினார்.

"ஒ... ஒரு நிமிஷம். இப்ப நான் மெதுவா சொல்லணும்."

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். திக்கிய இடங்களை எழுதவில்லை. ஆனால் அதற்கு ஆன நேரத்தை நீங்கள் சேர்த்துக்கொண்டு படிக்க வேண்டும்.

"மாஸ்டர் பாட்டு பெரிய பாட்டு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதை நாம கேட்கத்தான் முடியும். பாட முடியாது. அது மேல ஏறும்போது நம்ம தொண்டை கிழிஞ்சிடும். அதனால வாயை மூடிக்கிட்டுக் கேட்டோம். கிட்டார் அண்ணன் பாட்டு பேசற மாதிரி இருக்கும். அதுக்கு நல்ல குரல் வேணாம். ஜலதோஷம் பிடிச்சிருந்தாலும் பாடலாம். அவரு வந்தப்புறம்தான் லாரி டிரைவர் பாடினான். மாடியில துணி காயப்போடற பொண்ணு பாடினா. நான் பாடினேன். சொந்தப் பேரைச் சொல்லவே வாய் வராத நான், ஒரு முழுப் பாட்டை எங்கயும் நிக்காம பாடினேன். ரேடியோப் பெட்டியிலேர்ந்து என்ன வந்துச்சுன்னு பார்த்தா அந்தப் பத்து வருஷம் மாஸ்டரோடதுதான். நம்ம வாயிலேர்ந்து என்ன வந்துச்சுன்னு பாருங்க. அப்ப அது அண்ணனோடது."

நடுவில் தொகுப்பாளர் தன் போனை எடுத்துப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். அப்பா மட்டும் ஒட்டுப் போடும் கத்தியைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றார். முடிந்ததும் கேட்டார்: "இதை ஏன் மச்சான் இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ வி... விட்டாத்தானே."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். அவர் சட்டை முதுகில் முழுக்க நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பு. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தார். "பஞ்சர் கடைப் பஞ்சாயத்து" என்று தொகுப்பாளர் ஆரம்பித்தார். மாமா கத்தியது வந்தது. கல்யாண பேண்டு என்று அவர் சொன்ன இடத்தில் ஸ்பிரிங் தெறிப்பது போல ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அதே வரியை இன்னொரு முறை போட்டார்கள். பிறகு வேகமாக ஓட்டி, எலி கீச்சிடுவது போல மூன்றாவது முறையும் போட்டார்கள். பின்னணியில் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். எங்கள் கடையில் அப்படிச் சிரிக்கும் கூட்டம் எதுவும் இருக்கவில்லை.

"சரி நேயர்களே, வெடி அண்ணன் வெடிக்கட்டும், நாம மாஸ்டர் பாட்டு கேட்போம்" என்றார் தொகுப்பாளர். பாட்டு ஓடியது.

அம்மா ரேடியோவை அணைக்க எழுந்தாள்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. "அ... அது வரும்."

பாட்டு முடிந்தது. பல்பொடி விளம்பரம் வந்தது. இன்னொரு பாட்டு வந்தது. செய்தி ஆரம்பித்தபோதுதான் மாமா எழுந்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே நடந்து போய்விட்டார்.

மறுநாளே தெருவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. போகிற வருகிறவன் எல்லாம் எலிக்குரலில் "கல்யாண பேண்டு" என்றான். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்தே கத்திவிட்டுப் போனார்கள். அப்பாவும் மாமாவும் கடையைப் பூட்டிவிட்டு வானொலி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

தொகுப்பாளர் ஓடி வந்து கை கொடுத்தாராம். "சார், செம வரவேற்பு. அந்த எனர்ஜி இருக்கே, அது எங்களுக்குக் கிடைக்கறதில்ல."

"மெதுவா பேசினாரே, அது எங்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"அதுல நிறைய இடைவெளி இருந்துச்சு சார். ரேடியோல சத்தமே இல்லாம இருந்தா ஆளுங்க வேற சேனல் போயிடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மாமாவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்து, மூச்சை இழுத்து, கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதே நேரத்தில் அந்த ஆள் சிரித்தபடி தன் போனை மெல்ல உயர்த்தினார், பதிவு செய்ய. மாமா வாயை மூடிக்கொண்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமா கத்துவதை நிறுத்தினார். கத்துவது நின்றால் அவரிடம் பேச்சே நின்றது மாதிரிதான். "வெடி அண்ணன் அமைதியாயிட்டாரே, வயசாகுது போல" என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு மனிதருக்கு இருந்ததே ஒரு வழிதான். அதையும் அடைத்துவிட்டு, நல்ல குணமாகிவிட்டார் என்று பாராட்டுகிறார்கள்.

தண்ணீரில் ட்யூபை அமுக்கும்போதும் அவர் பாடவில்லை. அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். "உங்க ஆளுக்கு கிட்டார்ல மூணு கம்பிதான் வாசிக்கத் தெரியுமாமே மச்சான்" என்று சீண்டினார். மாமா குமிழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு கேசட்டைப் பார்த்துத்தான் இன்னொண்ணு போட்டாராமே" என்றார். மாமா ட்யூபைத் திருப்பி மறுபடியும் அமுக்கினார். வீட்டில் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "எதிர்க்கட்சி இல்லாம கடை நடத்த முடியலடி" என்றார். அம்மா அந்தத் தட்டைத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள். ஆனால் அன்று தட்டை டொக்கென்று வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, நான் சாப்பாட்டுக் கூடையோடு போயிருந்தபோது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சக்கரம் பஞ்சர். மாமா அதைக் கழற்றினார். வந்தவர் சும்மா நிற்கக் கூடாதா? எலிக்குரலில், "என்ன வெடி, இன்னைக்குக் கல்யாண பேண்டு உண்டா?" என்றார்.

அப்பா எழுந்தார். மாமாவின் கையிலிருந்த சக்கரத்தை வாங்கினார். கடைக்குள் கொண்டுபோய் டயர் அடுக்குக்குப் பின்னால் வைத்தார். திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க."

"எதுக்கு? அவசரமா போகணும்பா."

"சக்கரம் இல்லாம எப்படிப் போவீங்க? உட்காருங்க. ரேடியோக்காரன் வெட்டி எறிஞ்ச பாதி ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறம் இளிங்க." அப்பா ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "மாஸ்டர் பாட்டு பெரிய பாட்டு. ஆனா நாம கேட்கத்தான் முடியும், பாட முடியாது..."

தான் எதிர்க்கும் வாதத்தை, தன் மாஸ்டருக்கு எதிரான வாதத்தை, அப்பா ஒரு வக்கீல் போலச் சொல்லிக்கொண்டே போனார். தொண்டை கிழிவதைச் சொன்னார். ஜலதோஷத்தைச் சொன்னார். பங்கில் பெட்ரோல் போடும் பையன்கள்கூட இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அவரு வந்தப்புறம்தான் லாரி டிரைவர் பாடினான், டீக்கடைக்காரர் பாடினாரு..."

"டீ... டீ..." என்று தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அப்பா உடனே நிறுத்தினார். ஸ்டூலில் இருந்தவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அடங்கிவிட்டார். மாமா தண்ணீருக்குள் கையை வைத்தபடியே, அந்த வார்த்தை வருவதற்காக நின்றார். நாங்களும் நின்றோம்.

"டீக்கடைக்காரர் இ... இல்ல. மாடியில து... துணி காயப்போடற பொண்ணு."

"அது யாரு மச்சான், புதுசா?"

"பு... புதுசா? உன் பொ... பொண்டாட்டிதான். மூணு கேசட்டும் அ... அவளுக்கு மனப்பாடம்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்று தலையாட்டினேன்.

"அப்ப வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா? பாத்திரம் கழுவற கட்சின்னு இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்காளா?" அப்பா ஸ்பேர் பார்ட்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? முழுசா கேட்டீங்கல்ல? இப்ப அது ஏன் அத்தனையும் தப்புன்னு நான் சொல்றேன். எந்திரிக்காதீங்க."

"யோவ், என் சக்கரத்தைக் குடுங்கய்யா."

"குடுக்கலாம். மாஸ்டர் பாட்டைப் பாட முடியாதுன்னு எவன் சொன்னான்? நான் பாடறேன், கேளுங்க."

அப்பா பாடினார். மேலே ஏறும் இடத்தில் அவருடைய குரல் உடைந்து, வயலின்கள் இல்லாமல் தனியாகத் தொங்கியது. மாமா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பா... பாரு. கி... கிழிஞ்சிடுச்சா?" என்றார். கத்தவில்லை. அப்பா இடைமறிக்கவும் இல்லை.

வானொலியில் அந்த எலிக்குரலை இன்னும் போடுகிறார்கள். விளம்பரத்துக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தொகுப்பாளர்மேல் எனக்குக் கோபம் குறையவே இல்லை. குறைய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஆனால் எங்கள் கடைக்கு வந்து எலிக்குரலில் பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்களுடைய சக்கரம் முதலில் டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விடும். பிறகு ஸ்டூல் வரும். இப்போதெல்லாம் அந்த வெட்டுப்பட்ட பாதியை மாமாவே சொல்கிறார். நேரம் ஆகும்.