எல்க் வேட்டைக்கு ஒரு சத்தமில்லாத கமரா

ஒஸ்லோ நகர நடுவில் ஒரு கமராக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றுதான் என் தலை நரைத்தது. அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன். மீன் வாயைத் திறக்காது, வாடிக்கையாளர் திறப்பார். மற்றபடி இரண்டு வேலையிலும் கால்தான் நோகும்.

இப்போது கடைகளில் சேருகிற எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் மெகாபிக்சலையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நல்லது, சொல்லட்டும். அவர்களுக்காக ஒரே ஒரு விற்பனையைப் பற்றி எழுதுகிறேன். இதில் வருகிற இருவரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் இருவரும் இன்னும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறார்கள். நோர்வேஜிய மொழியில் பேசியதையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

1. வெள்ளைக் குழாய்

செப்டெம்பரில், எல்க் மான் வேட்டை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது குணா அண்ணை கடைக்குள் வந்தார். நகரின் கிழக்கே ட்வெய்ட்டாவில் இருப்பவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த நோர்வேக்காரரோடு பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர். எங்கள் ஆட்களுக்குள் இது பெரிய புதினம். புரட்டாசிச் சனிக்கு விரதம் பிடித்துக்கொண்டே துவக்கோடு காட்டுக்குள் இருந்த மனிதர் அவர். கேட்டால், "சுடுறவன் தின்னவேணும் எண்டு சட்டமில்லையே" என்பார்.

வந்தவர் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"பிள்ளை, கலியாண வீடுகளிலை படம் எடுக்கிற பெடியள் ஒரு வெள்ளைக் குழாய் வைச்சிருக்கிறாங்களெல்லே. அதிலை பெரிசாய் ஒண்டு எடுங்கோ."

"ஆருடைய கலியாணம் அண்ணை?"

"கலியாணமோ? எல்க்குக்கு."

நீளமான வெள்ளை லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தூக்கினார். குழாயின் நுனி ஆடியது. அவருடைய கை நடுங்குவதை அப்போதுதான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். அதன் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை, கதை முழுக்க வெளியே வந்தது.

பெரிய மிருகம் சுடுகிறவர்கள் இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சையில் தேற வேண்டும். இந்த முறை அண்ணை தேறவில்லை. திரும்பத் திரும்பப் போயும் தேறவில்லை. வேட்டைக் குழுவின் தலைவர் தூரே என்பவர், அண்ணையோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவர். அவர் அண்ணையின் தோளில் தட்டி, "பரவாயில்லை குணா, நீ காட்டு வீட்டுக் குசினியிலை இருந்து எங்களுக்குக் கறி சமை" என்று சொல்லியிருக்கிறார்.

"அன்பாய்த்தான் சொன்னவன். அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு காலமும் அவங்களோடை மரத்துக்குக் கீழை குளிருக்குள்ளை இருந்தனான். இப்ப என்னைக் குசினிக்குள்ளை விடப் பாக்கிறாங்கள். குசினி எண்டால் நான் ட்வெய்ட்டாவிலையே இருப்பனே."

துவக்கு இல்லாவிட்டால் கமராவோடு வருகிறேன் என்று அண்ணை கேட்டிருக்கிறார். தூரே யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாராம். முதல் சனிக்கிழமை தனக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஒரு சத்தம் கேட்டாலோ ஒரு வெளிச்சம் தெரிந்தாலோ, அன்றிலிருந்து குசினிதான்.

நான் வெள்ளைக் குழாயைத் திரும்ப வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

2. முதுகைத் திருப்பி நின்று

அண்ணையைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியில் இருத்தினேன். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் எல்க்.

முதலில், உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கமரா. டக் என்றது.

"குசினி," என்றேன்.

அடுத்தது அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். ஃபோக்கஸ் விழுந்ததும் கீச்சென்று கத்தியது.

"குசினி."

கீச்சை நிறுத்திக் கொடுத்தேன். இப்போது முன்னால் சுவரில் ஒரு செம்மஞ்சள் பொட்டு விழுந்தது. ஃபோக்கஸுக்கு உதவுகிற குட்டி விளக்கு.

"குசினி."

"நீங்கள் தூரேயைவிட மோசம்," என்றார் அண்ணை. கோபத்தில், கமராவோடு கொடுத்த பையைத் திறந்தார். பையின் ஒட்டுப்பட்டி பர்ரென்று பிரிந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணை, இதுக்கு உங்கடை எல்க் மட்டுமில்லை, சுவீடனிலை நிக்கிற எல்க்கும் ஓடும்."

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். பெட்டியில் ஒருவர் இருக்கிறார், நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.

"இஞ்சை என்ன நடக்குது?"

"கமரா விக்கிறன். உங்கடை சப்பாத்துச் சத்தம் கேக்குது."

அவர் நல்ல மனிதர், நுனிக்காலில் திரும்பிப் போனார்.

கடைசியில் கிடைத்தது ஒரு சின்ன மிரர்லெஸ். ஷட்டர் சத்தம், கீச்சு, குட்டி விளக்கு எல்லாவற்றையும் முழுதாக நிறுத்தலாம். கை நடுக்கத்தைச் சமாளிக்க நல்ல ஸ்டெபிலைசர் இருந்தது. கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய பட்டன்கள். மழை பட்டாலும் பயமில்லை. சூம் அளவானது, ஏனென்றால் காட்டுக்குள் மரம் மறைக்கிற இடத்தில் நீளக் குழாயால் மரப்பட்டையைத்தான் எடுக்கலாம். பையே வேண்டாம், கம்பளிச் சால்வையில் சுற்றுங்கள் என்றேன். குளிரில் பற்றரி சீக்கிரம் படுத்துவிடும், மேலதிகப் பற்றரியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள் என்றேன்.

அண்ணைக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை.

"சத்தமே இல்லை. படம் விழுந்ததோ எண்டு என்னெண்டு தெரியும்?" கேட்டுக்கொண்டே கமராவைக் கீழே இறக்கினார். பின் திரை பளீரென்று எரிந்தது.

"அங்கை பாக்காதேங்கோ! வெளிச்சம். கண்ணை வைச்சு வியூஃபைண்டருக்குள்ளை மட்டும் பாருங்கோ."

தலையாட்டினார். அடுத்த படத்துக்கும் திரையைத்தான் பார்த்தார். அதற்கடுத்ததற்கும். கடை பூட்டும்வரை சொன்னேன். திரையை நிறுத்திக் கொடுத்தால், கமரா பழுதென்று திரும்பப் போடச் சொன்னார். மனிதரை மாற்ற முடியவில்லை.

3. சந்தனம்

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"பிள்ளை, கமரா செத்துப்போச்சு. திரை இருட்டு."

வாங்கோ என்றேன். முதுகில் மூட்டையோடு வந்தார். வெளியே தூரேயின் கார் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. அங்கிருந்தே காட்டுக்குப் போகிறார்கள்.

கமராவைக் கையில் வாங்கினேன். கோயில் வாசம் அடித்தது.

"அண்ணை, இதைக் கோயிலுக்குக் கொண்டு போனீங்களோ?"

"புதுச் சாமானெல்லே. அருச்சனை செய்விச்சனான். ஐயர் பொட்டு வைச்சுத் தந்தவர்."

ஐயர் வைத்த இடம் வியூஃபைண்டருக்குக் கீழே இருக்கிற சின்னக் கறுப்புக் கண்ணாடி. நாங்கள் கண்ணை வைக்கிறோமா என்று கமரா அறிவது அதனால்தான். அதைச் சந்தனம் மூடினால், யாரோ எப்போதும் கண்ணை வைத்திருக்கிறார்கள் என்று கமரா நினைத்துக்கொள்ளும். வியூஃபைண்டர் எரியும், பின் திரை எரியாது. கமராவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். ஒரு பின்னேரம் முழுக்க நான் தொண்டை வற்றச் சொன்னதை ஐயர் ஒரு விரலால் முடித்திருக்கிறார்.

"இது இப்பிடியே இருக்கட்டும். ஞாயிறு வரைக்கும் துடைச்சுப் போடாதேங்கோ."

"ஆர் சந்தனத்தைத் துடைப்பினம்?" என்று என்னை முறைத்துவிட்டுக் காருக்கு ஓடினார்.

4. திங்கட்கிழமை

கடை திறந்ததும் வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சத்தம் கேட்டதோ?"

"இல்லை."

"வெளிச்சம்?"

"இல்லை."

"எல்க் வந்ததோ?"

"ஓம், வந்தது."

"தூரே சுட்டவரோ?"

"இல்லை."

கார்டைக் கழற்றிக் கடைக் கணினியில் போட்டேன். விடியல் பனிப்புகார். கொம்போடு ஒரு பெரிய எல்க், எங்களை நேரே பார்த்தபடி. படத்தின் ஒரு கரையில் தூரே. மடியில் துவக்கு, வாய் ஆவென்று திறந்து, நல்ல நித்திரை.

"அண்ணை! ஏன் எழுப்பேல்லை?"

"ஒரு சத்தமும் போடக்கூடாது எண்டவன். நான் போடேல்லை."

நான் சிரித்த சிரிப்பில் முதலாளி வந்துவிட்டார். அவரும் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பெரிதாக அடித்துக் கடைக் கண்ணாடியில் மாட்டுவோம் என்றார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. முதலாளி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"எழும்பினவுடனை, ஏதும் வந்ததோ எண்டு கேட்டான். பொய் சொல்ல வரேல்லை, கமராவைக் குடுத்தன். வியூஃபைண்டரிலை வைச்ச கண்ணைக் கனநேரம் எடுக்கேல்லை. பிறகு சொன்னான், போன வருசமும் தனக்கு இப்பிடித்தானாம். ஆருக்கும் சொல்லேல்லையாம். நாளைக்கும் என்னோடை இரு குணா, ஆனால் தட்டி எழுப்பு எண்டான்."

"எழுப்பினீங்களோ?"

"ஞாயிறு எழுப்பினன். சுட்டான். எல்லாருக்கும் தந்த அளவிலை எனக்கும் இறைச்சிப் பங்கு. ஞாயிறெண்டபடியால் சாப்பிடவும் செய்தன்."

பிறகு திரையில் இருந்த படத்தைக் காட்டினார்.

"இதை அழியுங்கோ பிள்ளை. எனக்கு மனம் வருதில்லை. அதுதான் உங்களிட்டைக் கொண்டந்தனான்."

எனக்கு மட்டும் மனம் வருமா? வேட்டைக்காரர் கொண்டுவந்து காட்டிய எல்க் படங்களில் பாதி, ஓடுகிற எல்க்கின் பின்பக்கம். மீதி, வெறும் பற்றைக்காடு. இத்தனை காலத்தில் நான் பார்த்த ஒரே நல்ல படம் இது. ஆனாலும் அழித்தேன். அண்ணை கார்டை வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு வேட்டைக்கென்று யார் கமரா கேட்டாலும் நான் மெகாபிக்சலில் தொடங்கியதில்லை. எடுக்கும்போது உங்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பார் என்றுதான் முதலில் கேட்டேன். சத்தம், வெளிச்சம், பாரம் எல்லாம் அந்தப் பதிலில் இருக்கும். விசர்க் கேள்வி என்று சிலர் முறைப்பார்கள், முறைக்கட்டும். பதில் வந்த பிறகு கமரா எடுத்துக் கொடுப்பது சின்ன வேலை.

அடுத்த செப்டெம்பரில் தூரே தனியாகக் கடைக்கு வந்தார். துவக்கைத் தம்பியின் மகனுக்குக் கொடுத்துவிட்டாராம், ஒரு கமரா வேண்டுமாம். வழக்கமாகக் கேட்பதை அவரிடமும் கேட்டேன்.

"குணாதான்," என்றார். "அவன் நித்திரை கொள்ள மாட்டான்."