அத்தாவின் லைசென்ஸும் மாமாவின் தூண்டிலும்

வளைகுடாவில் ருவைஸில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பிரியாணியும் ஆனதும் அத்தா கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். பிளாண்ட்டில் கிரேன் ஓட்டுகிற அவருக்கு மீன் பிடிப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அந்த வருஷம் அவர் போக்கே எனக்குப் பிடிக்கவில்லை. பிரியாணியைத் துரை மாதிரி ஸ்பூனால் சாப்பிட்டார். கடற்கரையில் மடக்கு நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொள்வார். இரை கோர்ப்பது, தூண்டில் வீசுவது, மீன் மாட்டினால் இழுப்பது எல்லாம் மாமாதான்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொன்னதை நம்பி, விசிட் விசாவில் வந்து எங்கள் ஹாலில் படுத்திருந்தார். எனக்கு அவர் மேல் உயிர். அவரை அத்தா இப்படி வேலை வாங்குகிறாரே என்று அம்மாவிடம் கோள் மூட்டினேன். “ஒனக்கு என்னடி தெரியும், வாய மூடு” என்றாள்.

மீன்பிடி லைசென்ஸ் அத்தா பெயரில் மட்டும் இருந்தது. ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒன்று போதும் என்பது எங்கள் வீட்டு நினைப்பு. கார்டு யார் பெயரில் இருந்தால் என்ன, கடைக்கு யார் போனாலும் அரிசி போடுகிறார்கள்தானே!

ஒரு சாயந்தரம் இன்ஸ்பெக்டர் வந்தார். லைசென்ஸைப் பார்த்தார், தூண்டில் மாமா கையில் இருப்பதையும் பார்த்தார். உதவிக்கு வந்திருக்கிறான் என்று அத்தா இந்தியில் சொன்னார். உதவிக்கு வந்தாலும் தூண்டிலைத் தொட்டால் தனி லைசென்ஸ் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான். உன் கையில் ஏதாவது கோளாறு இருந்து அதனால் இவன் பிடிக்கிறான் என்றால் சொல், எச்சரித்து விட்டுவிடுகிறேன் என்று அத்தாவிடம் இறங்கிவந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியில் எனக்கே அது புரிந்தது.

சற்றுத் தள்ளி அத்தாவின் சூப்பர்வைசர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அத்தா அவரையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். தன் கை நன்றாகத்தான் இருக்கிறது, இவன்தான் சொல்லச் சொல்லக் கேட்காமல் எடுத்துவிட்டான் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.  மாமாவோ தப்பு தன்னுடையதுதான் என்று உடைந்த இந்தியில் ஒப்புக்கொண்டார். தூண்டிலைப் பறிமுதல் செய்து, மாமா மேல் கேஸ் எழுதினார் இன்ஸ்பெக்டர்.

வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி, கேஸ் முடியட்டும் என்றது. அது முடிவதற்குள் விசா முடிந்துவிட்டது.

ஏர்போர்ட்டில் மாமா அத்தாவுக்கு முசாஃபா கொடுத்தார். அவரது வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. “மச்சான், இனிமேலாவது டாக்டர்ட்ட காட்டுங்க” என்றார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். காட்டிக்கொடுத்த ஆளிடம் என்ன கொஞ்சல் வேண்டியிருக்கிறது என்று எனக்கு மாமா மேலேயே ஆத்திரம் வந்தது. 

அத்தாவின் வலது கையில் பிடிமானம் குறைந்துகொண்டே வந்தது என்பதை, அவர் வேலையை முடித்துக் கலாஸ் ஆகி ஊருக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள். பிளாண்ட்டில் தெரிந்தால் அன்ஃபிட் என்று எழுதி எங்கள் எல்லோரையும் அனுப்பிவிடுவார்களாம். அந்தக் கையோடுதான் அவர் அதற்கப்புறமும் கிரேன் ஓட்டியிருக்கிறார். ஏர்போர்ட்டில் மாமா விடாமல் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. அத்தாவால் திருப்பிப் பிடிக்க முடியவில்லை என்பது தெரியவில்லை.