நூல் சுற்றிய காலி இடம்

என் சித்தியை அவள் வேலை பார்த்த அச்சுக்கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அவசரம்" என்பார்கள். வருகிற ஆர்டர் எல்லாவற்றின் மேலும் முதலாளி அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதுவார். எழுதிவிட்டு அவளைப் பார்த்து அதையே கத்துவார். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. "அவசரம், சாப்பிட்டியா?" என்று கேட்டால் சாவகாசமாகத் திரும்பி, "இன்னும் இல்ல" என்பாள்.

ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள் வேலை. கடை நீளமான ஒற்றை அறை. பின்பக்கம் அச்சு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மை வாடை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. சரியாக வராத அச்சுகளைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் வந்தால் பல் டாக்டர் ஒருவரின் பச்சை முகம் சித்தியின் மேசைமேல் விழும்.

அங்கே காலிப் பக்கத்திலிருந்து எதுவும் தொடங்குவதில்லை. பழைய ஃபைலைத் திறக்க வேண்டும், முகத்தை மாற்ற வேண்டும், எழுத்தை மாற்ற வேண்டும், வேறு பெயரில் சேமிக்க வேண்டும். அஞ்சலி பேனரின் பூ வரிசை மறுநாள் கடைத் திறப்புவிழாவில் சிரிக்கும். கல்லூரியில் சேர்ந்த புதிதில், "இது திருட்டு இல்லையா சித்தி?" என்று கேட்டேன்.

"யார் வீட்டுல இருந்துடி எடுத்தேன்? என் கம்ப்யூட்டர்ல இருந்து என் கம்ப்யூட்டருக்கு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.  அவள் சொன்னது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

என் அம்மா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. கிழிந்த சட்டை, அறுந்த ஜிப், பள்ளிப் பையின் வார் என்று பழுது பார்ப்பது மட்டும்தான். அந்தக் கடைக்குப் போர்டு செய்துகொடுத்தவள் சித்தி. அம்மாவின் கையைப் பார்த்து ஒரு கையை வரைந்தாள். அது ஊசியை இழுக்கிறது. ஊசியிலிருந்து நூல் போர்டின் குறுக்கே ஓடி, கடைசியில் ஒரு வட்டம் போட்டு அம்மாவின் போன் நம்பரைச் சுற்றி முடிகிறது. துணி மூட்டையோடு வாசலில் தயங்கி நிற்பவர்களிடம் அம்மா வழக்கமாகச் சொல்வதையே மேலே எழுதினாள்: "கிழிஞ்சதா? கொண்டாங்க, தைச்சிடலாம்."

நகரசபைத் தேர்தல் வந்தது. லாரி கம்பெனி வைத்திருந்த ஒருவர் எங்கள் பகுதியில் நின்றார். எல்லோருக்கும் அவர் லாரிக்காரர். அவருக்குப் பிரச்சார வாசகங்கள் எழுத ஒருவர் இருந்தார். அச்சுக்கடையில் அந்த எழுத்துக்காரருக்கு வைத்த பெயர் வசனம். இருவரும் ஒரு மதியம் வந்து, ஜனங்கள் மனதைத் தொடுவதாக ஏதாவது வேண்டும், சாயங்காலத்துக்குள் ஒட்டியாக வேண்டும் என்றார்கள்.

வசனம் கண்ணை மூடிக்கொண்டு மெஷினுக்கும் வாசலுக்குமாக நடந்தார். முதலாளி "அவசரம், அவசரம்" என்று இரண்டு அர்த்தத்திலும் கத்தினார். சித்தி என் அம்மா கடைப் போர்டின் ஃபைலைத் திறந்தாள். கடையின் பெயரை எடுத்தாள், நம்பரை அழித்தாள், லாரிக்காரரின் முகத்தை வைத்தாள், "கொண்டாங்க" என்பதை "வாங்க" என்று மாற்றினாள். கிழிஞ்சதா? வாங்க, தைச்சிடலாம்.

வசனம் நெஞ்சில் கை வைத்தார். "இதத்தாம்மா நானும் சொல்ல வந்தேன்."

ஒன்றை மட்டும் சித்தி மறந்துவிட்டாள். நம்பர் போய்விட்டது, அதைச் சுற்றிய நூல் அப்படியே இருந்தது.

ஊர் முழுக்க அந்தக் கை ஊசி இழுத்தது. "இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க, இப்ப தைக்க வந்துட்டீங்க?" என்று எதிராளி மைக்கில் கேட்டதில் அது இன்னும் பிரபலமானது. அம்மா கடையிலிருந்தபடியே எதிர்ச்சுவரைப் பார்த்து, "நம்ம கை மாதிரியே இருக்கேடி" என்றாள். "நம்ம கைதான்க்கா" என்றாள் சித்தி. இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்குள் விஷயம் அதோடு முடிந்தது.

வெளியில்தான் முடியவில்லை. வசனத்துக்கும் லாரிக்காரருக்கும் ஏதோ மனஸ்தாபம். வசனம் எதிராளியிடம் போய்ச் சேர்ந்தார். போகும்போது வாசகத்தையும் படத்தையும் கூடவே எடுத்துப் போனார். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் ஒரே கை, ஒரே ஊசி, வேறு வேறு முகங்கள். இரண்டு பேரும் தங்களுடையது என்றார்கள். லாரிக்காரரின் வக்கீல் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பினார். அதில் ஒன்று என் அம்மாவுக்கு வந்தது.

பட்டதாரி என்பதால் நான்தான் படித்துக்காட்டினேன். தங்கள் கட்சிக்காரரின் படைப்பைப் போலச் செய்து வைத்திருக்கும் விளம்பரப் பலகையை உடனே அகற்ற வேண்டும் என்றிருந்தது.

"அப்ப நான் அவரைப் பார்த்துக் காப்பி அடிச்சேங்கிறாரா?"

"ஆமாம்மா."

"வெயில்ல வெளுத்துக் கிடக்கிற போர்டு. கண்ணு எங்க வெச்சிருக்காரு, பொடனியிலயா?" அம்மா ஜிப்பை மாட்டிக்கொண்டே பேசினாள். "கழட்ட மாட்டேன். பஸ்ல போறவங்க அதைப் பார்த்துத்தான் இறங்குறாங்க. போர்டு இல்லன்னா கடையே போச்சுன்னு நெனைப்பாங்க."

அன்றைக்கே முதலாளி சித்தியைக் கூப்பிட்டு, வக்கீல் முன்னால் அவள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். படத்தையும் வாசகத்தையும் லாரிக்காரர் சொல்லச் சொல்ல, அவருக்காகப் புதிதாகச் செய்தேன் என்று. புது டிசைன் என்று சொல்லித்தான் முதலாளி அதைக் கொடுத்திருந்தார். லாரிக்காரரின் தேர்தல் வேலை முழுக்க அந்தக் கடையில்தான். சித்தப்பா முதுகுவலியில் படுத்த நாளிலிருந்து சித்தியின் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு ஓடுகிறது. கையெழுத்துப் போட்டால், அக்காவின் போர்டு இவள் வார்த்தையாலேயே இறங்கும். போடாவிட்டால் வேலை இல்லை.

நான் பதிப்புரிமை பற்றித் தேடித்தேடிப் படித்தேன். இத்தனை சின்ன வாக்கியத்துக்குப் பெரும்பாலும் உரிமை கிடைக்காது, படத்துக்குக் கிடைக்கும் என்பதுவரை புரிந்தது. ஆனால் படம் யாருடையது? வரைந்தவளுடையதா, சம்பளம் கொடுத்தவருடையதா, ஆர்டர் கொடுத்தவருடையதா? ஒப்பந்தத்தைப் பார் என்றிருந்தது. இவர்களுக்குள் ஒப்பந்தம் என்று இருந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. அவசரம்.

கடைசியில் சித்திக்கு ஒரு வாக்கியம் தயாரித்தேன். "முன்பே இருந்த ஒரு கருத்தின் அடிப்படையில், வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப உருவாக்கப்பட்டது." பொய்யும் இல்லை, யாருக்கும் கோபமும் வராது என்று நினைத்தேன். இத்தனை வருடப் படிப்பில் நான் கற்றுக்கொண்டது இப்படி எழுதுவதுதானா என்றும் தோன்றியது. சித்தி அதைப் படித்துப் பார்த்தாள்.

"இதுல யாருடி வரைஞ்சா?"

"யாருமில்ல சித்தி. அதான் நல்லது."

பஸ்ஸில் போகும்போது அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

வக்கீல் அறை மாடியில் இருந்தது. சமாதானமாகப் பேசி முடிக்கலாம் என்று இரண்டு தரப்பையும் முதலாளியையும் அழைத்திருந்தார். மேசைமேல் போஸ்டரை விரித்து, நாலு மூலையிலும் சட்டப் புத்தகங்களை வைத்திருந்தார். லாரிக்காரர் நெடுஞ்சாலையில் தனியாக வண்டி ஓட்டிய காலத்தில் இந்த வாசகம் தனக்கு உதித்ததாகச் சொன்னார். மனைவி தன் பழைய சட்டையைத் தூக்கிக் காட்டிய ஒரு கணத்தில் தனக்கு உதித்தது என்றார் வசனம்.

"ரெண்டு பேருக்கும் உதிச்சிருக்கு. சரி" என்றார் வக்கீல். நூலின் கடைசி வட்டத்தில் விரலை வைத்தார். "இது என்ன? உங்க கற்பனைன்னா இதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே."

லாரிக்காரர் குனிந்து பார்த்தார். "அது... டயர். நான் வந்த தொழில மறக்கலன்னு காட்டறதுக்கு."

"டயராம்!" வசனம் நாற்காலியில் சாய்ந்தார். "ஐயா, அது மக்கள் உட்கார வேண்டிய ஆசனம். இன்னும் காலியா இருக்கு. அதான் நடுவுல ஒண்ணுமே வைக்கல."

வக்கீல் இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு தாளையும் பேனாவையும் சித்தி பக்கம் நகர்த்தினார். சித்தி பேனாவை எடுத்தாள். நான் எழுதிக்கொடுத்த வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"சார், அது எங்க அக்கா போன் நம்பர் இருந்த எடம்" என்றாள்.

வக்கீல் குனிந்து அந்த வட்டத்தை மறுபடி பார்த்தார்.

"அவ தையக்கடை போர்டு சார் இது. நான்தான் அவளுக்கு வரைஞ்சு கொடுத்தேன். அதையே மாத்தி இவங்களுக்கும் கொடுத்துட்டேன். நம்பரை அழிச்சேன், நூலை அழிக்க மறந்துட்டேன். போய்ப் பாருங்க, இன்னும் அங்க நம்பரோட இருக்கு."

"அவசரம்!" என்று முதலாளி அதட்டினார்.

"சொல்லுங்க சார்" என்று பழக்கத்தில் திரும்பினாள்.

"வெளிய போய் நில்லு."

திரும்பி வரும்போது ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "டயருன்னான் பாரு" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை பஸ்ஸிலேயே சிரித்தாள். இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், "அக்கா போர்டை நானே எழுதிக் கொடுத்துக் கழட்டிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட அவ வீட்டுல போய்ச் சாப்பிடறது?" என்றாள். எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் முதலாளி கத்தவில்லை. கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் அம்மாவுக்கு அனுப்பிய நோட்டீஸை வக்கீல் திரும்பப் பெற்றார். இரண்டு தரப்பும் அந்தக் கையைச் சுவர்களிலிருந்து கிழித்துவிட்டு வேறு வாசகத்துக்குப் போனார்கள்.

ஆனால் யாரோ அம்மாவின் போர்டைப் படமெடுத்துப் போனில் அனுப்ப, அது நம்பரோடு ஊரைச் சுற்றியது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அழைப்புகள் வந்தபடி இருந்தன. "சட்டைன்னா கொண்டாங்க. சாக்கடைன்னா ஓட்டுக் கேட்டு வந்தாங்களே, அவங்ககிட்ட கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டியது. முடியாமல் நம்பரையே மாற்றினாள்.

சித்தி இப்போது அம்மா கடையின் மூலையில், யாரோ விற்ற பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பால்காரரின் விசிட்டிங் கார்டு, வாடகைக்கு வீடு அறிவிப்பு என்று சின்னச் சின்ன வேலைகள் வருகின்றன. சம்பளம் அளவுக்கு வருவதில்லை. சித்தப்பாவின் மருந்தை அம்மாதான் வாங்குகிறாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நம்பர் மாறிய அன்று சித்தி ஸ்டூல் போட்டு ஏறி, பழைய நம்பர்மேல் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, புது நம்பரை ஒட்டவா?"

அம்மா பல்லில் நூலைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். "வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

இப்போது போர்டு போஸ்டரைப் போலவே ஆகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் அதன் கீழே நின்று, கையில் ஒரு பேன்ட்டோடு சந்தேகமாகக் கேட்டார்.

"இது அந்தக் கட்சி ஆபீஸா?"

அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிழிஞ்சதா?" என்றாள். "கொண்டாங்க."